காற்று தள்ளும்போது, டிரெய்லர் ஆடும்போது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். நான் பத்து காவானில் வேலை செய்கிறேன். ஜெலுத்தோங்கிலிருந்து நாள்தோறும் பினாங்கின் இரண்டாவது பாலத்தின் வழியாகச் சிறிய கார் ஒன்றில் போய்வருகிறேன். சென்ற மாதம் ஒருநாள் விடியும் முன் மழையுடன் பெருங்காற்று வீசியது. ஒரு லோரியைக் கடந்து முன்னே வந்தவுடன், கார் தானாக இடப்பக்கம் ஓர் அடிக்கு மேல் நகர்ந்து மோட்டார் சைக்கிள் தடத்தை நெருங்கிவிட்டது. வழுக்கலைத் தடுக்கும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு இருப்பதாகச் சொல்லித்தான் இந்தக் காரை விற்றார்கள். ஆனால், அதற்குரிய மஞ்சள் விளக்கு அன்று ஒருமுறைகூட மின்னவில்லை. அது பழுதாகிவிட்டதா?
— வாசகி, ஜெலுத்தோங்

பதில்: பழுதாகவில்லை. விளக்கு மின்னாமல் இருந்ததே, அந்த நேரத்திலும் உங்கள் டயர்களுக்குச் சாலையில் பிடிப்பு மிச்சமிருந்தது என்பதற்கு அடையாளம்.

இந்தக் கருவியை டொயோட்டாவும் பெரோடுவாவும் விஎஸ்சி என்கின்றன, ஹோண்டா விஎஸ்ஏ என்கிறது, ஜெர்மானியர்கள் இஎஸ்பி என்கிறார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது, நான்கு சக்கரங்களும் என்ன வேகத்தில் சுழல்கின்றன, கார் தன் நடு அச்சைச் சுற்றி எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது, பக்கவாட்டில் எவ்வளவு விசையை உணர்கிறது ஆகிய விவரங்களை உணரிகள் ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. ஓட்டுநர் போக நினைக்கும் திசையையும் கார் உண்மையில் போகும் திசையையும் வினாடிக்கு 25 முறை ஒப்பிட்டுப் பார்ப்பதாக இதை உருவாக்கிய போஷ் நிறுவனம் சொல்கிறது. இரண்டுக்கும் இடையே வேறுபாடு பெரிதாகும்போதுதான் ஏதேனும் ஒரு சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடித்துக் காரைத் திருப்புகிறது. விளக்கு மின்னுவதும் அப்போதுதான். கார் வழுக்கத் தொடங்குவதைத் தடுப்பதே இதன் பிறவி நோக்கம். 1995இல் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்-கிளாஸ் கூப்பேயில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோதும் அதுவேதான் நோக்கம். உங்கள் கார் வழுக்கவில்லை, காற்றால் தள்ளப்பட்டது. ஓர் அடி நகர்வு உங்களுக்குப் பெரிது, ஆனால் அந்தக் கணினியின் கணக்கில் அது வேறுபாடாகவே பதிவாகியிருக்காது.

நீங்கள் சந்தித்தது பெரும்பாலும் ‘சுமத்திரா’ எனப்படும் காற்று வரிசையாக இருக்கும். ஏறத்தாழ ஏப்ரல் முதல் நவம்பர் வரை, இரவில் சுமத்திராப் பக்கம் திரண்டு மலாக்கா நீரிணையைக் கடந்து, விடியலுக்கு முன்போ காலையிலோ நம் மேற்குக் கரையைத் தாக்குவது அது. தென்மேற்கிலிருந்து வரும் காற்று, தீவிலிருந்து பெருநிலத்துக்குக் கிழக்கு நோக்கிப் போகிறவருக்கு வலப்பக்கப் பின்புறத்திலிருந்து அடிக்கும். அதனால்தான் இடப்பக்கம் தள்ளப்பட்டீர்கள். லோரியின் மறைவில் இருந்தவரை காற்று உங்களைத் தொடவில்லை, அதைத் தாண்டிய கணத்தில் மொத்தமாக வந்து மோதியது. உயரமான பாலத் தூண்களைக் கடக்கும்போதும் சிறிய அளவில் இதேதான் நடக்கும்.

காற்று காரை வெறுமனே பக்கவாட்டில் நகர்த்துவதில்லை. ஓடும் காரில் பக்கக் காற்றின் அழுத்தம் குவியும் இடம், காரின் எடை மையத்துக்குச் சற்று முன்னால் அமைகிறது. பேரங்காடியில் சாமான் நிறைந்த தள்ளுவண்டியின் முன்மூலையை ஒரு குழந்தை பக்கவாட்டில் தட்டினால், வண்டி நகர்வதைவிட மூக்கைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். காரும் அப்படியே, காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறமாக மூக்கைத் திருப்புகிறது. அந்தச் சிறு கோணத்தை வேகம்தான் பெருந்தூரமாக்குகிறது. கார் வெறும் 2 பாகை திரும்பிய நிலையில், ஓட்டுநர் சுதாரிக்க ஒரு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 58 சென்டிமீட்டரும், 80இல் 78 சென்டிமீட்டரும், 110இல் ஒரு மீட்டருக்கு மேலும் கார் விலகியிருக்கும். மூன்றரை மீட்டர் அகலமுள்ள தடத்தின் நடுவில் ஓடும் சிறிய காருக்கு இருபுறமும் மிஞ்சுவது தோராயமாக 90 சென்டிமீட்டர்தான்.

இந்தத் தள்ளலுக்கென்றே தனியாகப் பக்கக் காற்று உதவி என்ற ஒன்று இருக்கிறது. மெர்சிடிஸ் 2009இல் எஸ்-கிளாஸ் காரில், சக்கரங்களின் மீது விழும் பாரத்தை மாற்றும் முறையில் இதைச் செய்தது. 2013இல் ஸ்பிரிண்டர் வேனில் பிரேக் மூலமாகவே செய்யத் தொடங்கியது. ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பாமலே கார் திரும்புகிறது, பக்கவாட்டு விசை திடீரென்று எழுகிறது என்ற இரண்டும் சேர்ந்து வந்தால், அது காற்றுதான் என்று கணினி முடிவு செய்து, காற்று அடிக்கும் பக்கத்துச் சக்கரங்களை மெல்லப் பிடிக்கிறது. வலப்பக்கக் காற்றுக்கு வலச் சக்கரம் பிடிக்கப்பட்டால் மூக்கு வலப்பக்கம் திரும்பும், தள்ளல் ஈடுகட்டப்படும். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல், நேரான அல்லது மெல்ல வளையும் சாலையில் மட்டுமே இது இயங்கும். போக்ஸ்வேகன் கிராஃப்டர் போன்ற உயரமான வேன்களுக்குத்தான் இது முதலில் பரவியது, ஏனென்றால் சுவர் போன்ற பக்கங்கள் உள்ள வண்டிகளே காற்றுக்கு அதிகம் அகப்படுகின்றன. உங்களுடையதைப் போன்ற சிறு கார்களில் இதைக் காண்பது அரிது. கையேட்டில் தனியாகக் குறிப்பிடப்படவில்லை என்றால், இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே காற்றைச் சமாளிப்பது உங்கள் கைகளின் பொறுப்பாகவே இருக்கிறது. லோரியைக் கடந்து முடிக்கும் தறுவாயில் இரு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, தள்ளல் வரும் என்று எதிர்பார்த்திருங்கள். வந்தால் சிறிதளவு மட்டும் எதிர்த்துத் திருப்புங்கள். பதறி வெட்டித் திருப்பினால், காற்று நின்ற அடுத்த கணத்தில் உங்கள் திருத்தமே உங்களை மறுபக்கத் தடத்துக்குக் கொண்டுபோகும். உண்மையான வழுக்கல் அப்போதுதான் தொடங்கும், மஞ்சள் விளக்கும் அப்போதுதான் மின்னும்.

கேள்வி: என் பள்ளி வேன் 2009ஆம் ஆண்டுத் தயாரிப்பு. அதில் ஏபிஎஸ் இருக்கிறது. நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டையும் பிறகு பொருத்திக்கொள்ள முடியுமா? எவ்வளவு செலவாகும்?
— வாசகர், புக்கிட் மெர்தாஜம்

பதில்: முடியாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஏபிஎஸ், ஓட்டுநர் பிரேக் மிதிக்கும்போது அந்த அழுத்தத்தைக் குறைத்துக் கூட்டுவது. நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டுக்கோ, யாரும் மிதிக்காதபோதே தானாக அழுத்தம் உண்டாக்கும் பம்பு வேண்டும், கூடுதல் உணரிகள் வேண்டும். அவற்றைவிட முக்கியமாக, உங்கள் வேனின் எடை, உயரம், சக்கர இடைவெளி ஆகியவற்றுக்கென்று சோதித்து எழுதிய நிரல் வேண்டும். இன்னொரு வண்டியின் பெட்டியைக் கழற்றி மாட்டித் தருவதாக யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

மலேசியாவில் 2018 ஜூன் முதல் புதிதாக அறிமுகமாகும் பயணிகள் கார் மாதிரிகளில் இது கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2017இன் பெரோடுவா மைவி எல்லா வகைகளிலும் இதைக் கொண்டு வந்தது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை 2007இல் இதைக் கட்டாயமாக்கும் விதியை வெளியிட்டபோது, வேறு வாகனம் சம்பந்தப்படாத விபத்துகள் கார்களில் 34 விழுக்காடும், உயரமான எஸ்யூவி வகைகளில் 59 விழுக்காடும் குறையும் என்று மதிப்பிட்டது. உயரமான வண்டிக்கே இதனால் பயன் அதிகம் என்பதை இந்த இரண்டு எண்களே காட்டுகின்றன. பிள்ளைகளை ஏற்றுகிறீர்கள் என்பதால் சொல்கிறேன்: பழைய வேனுக்குப் பணம் செலவழிப்பதாக இருந்தால் நான்கு நல்ல டயர்களுக்குச் செலவழியுங்கள், அடுத்த வேன் வாங்கும்போது இந்தக் கருவி இல்லாததை வாங்காதீர்கள்.

கேள்வி: சக்கர அலைன்மென்ட் செய்த மறுநாளிலிருந்து என் காரில் வழுக்கும் கார் படமுள்ள விளக்கு அணையாமல் எரிகிறது. பட்டறையில் கேட்டால், ஓட ஓடச் சரியாகிவிடும் என்கிறார்கள்.
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: மின்னி அணையும் விளக்கு வேறு, அணையாமல் எரியும் விளக்கு வேறு. மின்னினால் கருவி வேலை செய்கிறது. எரிந்துகொண்டே இருந்தால் ஓய்வெடுத்துக்கொண்டது. அலைன்மென்ட்டுக்குப் பின் ‘நேர்’ என்பது எது என்று ஸ்டீயரிங் கோண உணரிக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருக்கலாம். சில கார்களில் சிறிது தூரம் நேராக ஓட்டினாலே அது தானாக நடந்துவிடும், சிலவற்றில் கணினிக் கருவியை இணைத்துத்தான் செய்ய வேண்டும். மறுநாளும் எரிகிறதென்றால் உங்களுடையது இரண்டாம் வகை, அல்லது உணரியின் இணைப்பில் குறை. கருவி இல்லாத பட்டறையில் வாதாடிப் பயனில்லை, இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: ஐயா, ஒவ்வோர் ஆண்டும் தைப்பூசத்துக்கு எங்கள் குழுவினர் தண்ணீர்மலைச் சாலையில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். பிறையிலிருந்து ஜெனரேட்டர், அண்டாக்கள், மடக்கு மேசைகள், பந்தல் குழாய்கள் எல்லாவற்றையும் ஒரு சிறிய டிரெய்லரில் ஏற்றி, என் பிக்அப் வண்டியில் கட்டி, முதல் பாலத்தின் வழியாகக் கொண்டுபோவது வழக்கம். இந்த ஆண்டு பாலத்தின் நடுவில் டிரெய்லர் இருபுறமும் ஆடத் தொடங்கி, பிக்அப்பின் பின்பகுதியையும் சேர்த்து இழுத்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த என் மைத்துனர், ‘எண்ணெயை மிதி மச்சான், நேராகிவிடும்’ என்றார். நான் பயந்துபோய்க் காலை எடுத்துவிட்டேன், கொஞ்ச நேரத்தில் ஆட்டம் நின்றது. யார் செய்தது சரி? டிரெய்லர் ஆட்டத்தைத் தடுக்கும் வசதி என் வண்டியில் உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்களே, அது ஏன் தடுக்கவில்லை?
— வாசகர், பிறை

பதில்: நீங்கள் செய்ததே சரி. மைத்துனர் சொன்னது பல ஊர்களில் பல காலமாக உலவும் ஆலோசனை. வேகத்தைக் கூட்டினால் கொக்கி இழுபட்டு ஒரு கணம் டிரெய்லர் நேராவது போலத் தோன்றும் என்பதால்தான் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. மிதியிலிருந்து காலை எடுக்கும்போதோ, முன்னால் ஒரு கார் பிரேக் பிடிக்கும்போதோ, முன்பைவிட அதிக வேகத்தில் அதே ஆட்டம் திரும்ப வரும்.

டிரெய்லர் ஆட்டம் பக்கக் காற்றைப் போன்றதன்று. காற்று வெளியிலிருந்து ஒருமுறை தள்ளிவிட்டுப் போய்விடுகிறது. டிரெய்லரோ தொட்டில் போல: ஒரு தட்டு விழுந்த பிறகு தானாகவே ஆடும். குறைந்த வேகத்தில் டயர்களின் உராய்வு அந்த ஆட்டத்தை இரண்டு மூன்று வீச்சுகளில் விழுங்கிவிடும். வேகம் கூடக்கூட விழுங்கும் திறன் குறைந்துகொண்டே வந்து, ஓர் எல்லை வேகத்தைத் தாண்டியபின் ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடப் பெரிதாகும். வண்டியின் ஓட்டத்திலிருந்தே ஆட்டம் தனக்கான ஆற்றலை எடுத்துக்கொள்கிறது. அந்த எல்லை வேகம் எவ்வளவு என்பது எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. நீங்கள் சாமானை எப்படி அடுக்கினீர்கள் என்பதே அதை முடிவு செய்கிறது. தைப்பூசக் காலத்தில் வீசுவது வடகிழக்குக் காற்று. பிறையிலிருந்து தீவு நோக்கி மேற்கே போகிறவருக்கு அது வலப்பக்கத்திலிருந்து அடிக்கும். முதல் தட்டு அந்தக் காற்றினுடையதாகவோ, உங்களைக் கடந்த பேருந்தினுடையதாகவோ இருந்திருக்கலாம், மற்றதெல்லாம் உள்ளேயிருந்து வந்தது.

இனி, அந்த வசதி என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பாதபோதும் வண்டி இடமும் வலமுமாக ஒரே தாளத்தில், ஏறக்குறைய வினாடிக்கு ஒரு வீச்சோ அதற்கும் மெதுவாகவோ ஆடினால், பின்னால் டிரெய்லர் ஆடுகிறது என்று கணினி புரிந்துகொள்கிறது. உடனே ஆட்டத்துக்கு எதிர்த்தாளமாக முன்சக்கரங்களை மாற்றி மாற்றிப் பிடிக்கிறது: மூக்கு வலப்பக்கம் இழுபடும்போது இடச் சக்கரம், இடப்பக்கம் இழுபடும்போது வலச் சக்கரம். அதோடு எஞ்சினின் இழுவையைக் குறைத்து, தேவையானால் நான்கு சக்கரங்களையும் பிடித்து, வேகத்தை அந்த எல்லைக்குக் கீழே கொண்டுவருகிறது. ஆட்டத்தை உண்மையில் அடக்குவது இந்தக் கடைசிப் பகுதிதான். உங்கள் கால் அன்று செய்ததும் அதையேதான்.

அது ஏன் உங்களுக்கு உதவவில்லை என்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். பொதுவாக மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும்போதுதான் இது விழித்திருக்கும். அடுத்து, ஆட்டம் ஓரளவு பெரிதாகும் வரை அது காத்திருக்கும், நீங்கள் அதற்குமுன் காலை எடுத்திருப்பீர்கள். மூன்றாவதைத்தான் நான் அதிகம் சந்தேகிக்கிறேன். சில வண்டிகளில், டிரெய்லர் விளக்குகளின் மின்செருகு தயாரிப்பாளரின் சொக்கெட்டில் இணைக்கப்பட்டால்தான் பின்னால் டிரெய்லர் இருப்பதே கணினிக்குத் தெரியும். டிரெய்லரை இணைக்கும் டோ பார் மாட்டித் தந்த பட்டறையில் செலவைக் குறைப்பதற்காகப் பின்விளக்குக் கம்பிகளைச் சீவி முறுக்கி ஒட்டியிருந்தால், விளக்கெல்லாம் அழகாக எரியும், கணினிக்கோ வண்டி தனியாகத்தான் ஓடுகிறது. பின்விளக்கைக் கழற்றி, கறுப்பு நாடா சுற்றிய முறுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

எது எப்படியிருந்தாலும், பிரேக் பிடிப்பது பிக்அப்பின் சக்கரங்களில்தான். உங்களுடையதைப் போன்ற சிறிய டிரெய்லரில் பெரும்பாலும் பிரேக்கே இருக்காது. ஆகவே, கொக்கிக்குப் பின்னால் இருப்பது தவறாக அடுக்கப்பட்டிருந்தால், முன்னால் இருக்கும் கணினி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் ஓரளவுக்குத்தான் உதவும்.

ஒரு சோதனையைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டு முற்றத்தில், உங்களுடையதைப் போலவே ஆடிய ஒரு டிரெய்லரை நிறுத்திப் பார்த்தோம். மொத்த எடை 600 கிலோ. 150 கிலோ ஜெனரேட்டர், இறக்குவதற்கு வசதியாகப் பின்கதவை ஒட்டி வைக்கப்பட்டிருந்தது. குளியலறை எடைக் கருவியைத் தரையில் வைத்து, அதன்மேல் கொக்கியின் உயரத்துக்கு வெட்டிய மரக்கட்டையை நிறுத்தி, டிரெய்லரின் மூக்கை அதன்மேல் இறக்கினோம். முள் 12 கிலோவில் நின்றது. மொத்தத்தில் 2 விழுக்காடு. பந்தல் குழாயைப் பின்னால் இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் மூக்கு எழுந்து கொக்கியை மேலே தூக்கியிருக்கும். பிறகு ஜெனரேட்டரை 60 சென்டிமீட்டர் முன்னுக்கு நகர்த்தி, அச்சுக்கு அருகில் கட்டினோம். அச்சுக்கும் கொக்கிக்கும் இடையே 3 மீட்டர் என்பதால், 150 கிலோ அறுபது சென்டிமீட்டர் நகர்ந்ததில் மூக்கின் பாரம் 30 கிலோ கூடி, முள் 42ஐத் தொட்டது. 7 விழுக்காடு. அதே டிரெய்லர், அதே பிக்அப், அன்று மாலை நெடுஞ்சாலையில் ஒரு பேருந்து கடந்துபோனபோது ஒருமுறை தலையாட்டிவிட்டு அடங்கிவிட்டது.

கொக்கியின் மேல் மூக்கு இறக்கும் இந்தப் பாரம், டிரெய்லரின் மொத்த எடையில் ஐரோப்பாவில் 4 முதல் 7 விழுக்காடு வரை இருக்கப் பரிந்துரைக்கிறார்கள், அமெரிக்காவில் 10 முதல் 15 வரை. உங்கள் டோ பார் தகட்டிலும் வண்டிக் கையேட்டிலும் உள்ள உச்ச அளவை மட்டும் மீறாதீர்கள். அளவுக்கு மேல் ஏற்றினால் பிக்அப்பின் பின்புறம் அமுங்கி முன்சக்கரங்கள் இலேசாகும். ஆட்டத்தை அடக்கக் கணினி நம்பியிருப்பது அந்த முன்சக்கரங்களைத்தான். கனமானவற்றை அச்சுக்குச் சற்று முன்னால், தாழ்வாக வையுங்கள். ஒரு முனையில் ஜெனரேட்டர், மறுமுனையில் அண்டாக்கள் என்று சமன் செய்ய நினைக்காதீர்கள். முள் சரியான எடையைக் காட்டும், ஆனால் இரு முனைகளிலும் கனமுள்ள டிரெய்லர் ஆடத் தொடங்கினால் எளிதில் நிற்காது. திரும்பி வரும்போது அண்டாக்கள் காலியாகவும் ஜெனரேட்டர் அவசரத்தில் கடைசியாகவும் ஏறுகிறது என்பதை மறவாதீர்கள். விடிய விடிய மோர் ஊற்றிய களைப்பில் யாரும் எடைக் கருவியைத் தேடப்போவதில்லை. அதனால், போகும்போதே ஜெனரேட்டரின் இடத்தை டிரெய்லர் தரையில் வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டு வைத்துவிடுங்கள்.

மறுபடியும் ஆடினால் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வீச்சுக்கு வீச்சு எதிர்த்துத் திருப்பாமல், காலை மட்டும் எடுங்கள். உங்கள் திருத்தம் எப்போதும் அரைத்தாளம் பிந்தித்தான் போய்ச் சேரும். பிந்திய திருத்தம் தொட்டிலை ஆட்டிவிடுவதற்குச் சமம்.

கேள்வி: டிரெய்லர் இழுக்கும்போது நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டால் இழுவை கூடும் என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், நிபோங் தெபால்

பதில்: சேற்றிலோ மணலிலோ சக்கரம் புதைந்து நிற்கும்போது உண்மை. அங்கே சக்கரம் சுழன்றால்தான் வெளியே வர முடியும், கருவியோ சுழலவிடாமல் எஞ்சினை அடக்கும். படகை நீரிலிருந்து இழுத்தேற்றும் சரிவிலும் அப்படி நேரலாம். தார்ச்சாலைக்கு ஏறியதும் பொத்தானைத் திரும்ப அழுத்திவிடுங்கள். டிரெய்லர் ஆட்டத்தைக் கவனிப்பதும் அதே கணினிதான், பல வண்டிகளில் ஒன்றை அணைத்தால் மற்றதும் சேர்ந்து உறங்கிவிடும்.